மூன்றாவது தூணுக்கு இடப்பக்கம்

தம்பி,

நீ அனுப்பிய நாற்பது பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். ஒரு முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு முறை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு. பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ‘விளக்குக்காரன்’ வீடியோ கேமின் எட்டாம் பாகம் எப்படி வளர வேண்டும் என்று உன் பெங்களூர் ஆபீஸ் உன்னைக் கேட்டிருக்கிறது. நீ என்னைக் கேட்டிருக்கிறாய். “படிச்சுட்டு மனசுல பட்டதைச் சொல்லுங்கப்பா, திங்கக்கிழமை வெளிநாட்டுக்காரக முன்னாடி பேசணும்” என்று போனில் சொன்னாய். மனசில் பட்டதைச் சொல்கிறேன். குப்பை. இப்படி எழுதியதும் அடித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அடிக்கவில்லை. முப்பது வருஷம் சர்வேயராக ஊர் ஊராக நிலம் அளந்தவன் நான். மையில் போட்ட கோட்டைத் திருத்த வேண்டுமானால் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் முறை. அந்தச் சிவப்பு மையை ஒரு முறைகூடத் தொடாமல் ரிட்டயர் ஆனேன் என்று பெருமை பேசித் திரிந்தவன். அந்தப் பெருமையால் நம் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நான் கவரில் போட்டு ஒட்டாமல், திறந்தபடியே உன் ஆபீஸுக்கு அனுப்புகிறேன். போன மாதம் நீ ஏதோ ஒரு மேடையில் பேசியதை உன் பெண்டாட்டி எனக்கு அனுப்பி வைத்தாள். “எங்கப்பா ஒரு சர்வேயர். அவர் போட்ட மேப் தப்பாவே இருக்காது. நாலாம் பாகத்துல கடைசி வழிய கண்டுபிடிக்காமப் போனது நான்தான். எங்கம்மா அந்த முடிவைப் பாக்காமலே இறந்துட்டாங்க. அந்த முடிவை இன்னிக்கு வரைக்கும் நானும் பாக்கல, மனசு வரல. அதனாலதான் சொல்றேன், இனிமே எந்த ஆட்டக்காரரும் தொலையக் கூடாது” என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாய். கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நான் கோட்டையூரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கையில் இருந்த காப்பி ஆறிப்போனது. உன் பேச்சில் ஒரு பொய் இருக்கிறது தம்பி. அது உன் பொய் இல்லை. என்னுடையது. தெரியாமல் பதினேழு வருஷமாக நீ சுமந்துகொண்டு திரிகிறாய். மேடை ஏறிவிட்ட பொய்க்கு ஒட்டின கவரில் பதில் வரக்கூடாது; உன் கூட வேலை பார்க்கிற பிள்ளைகள் எல்லாரும் இதைப் படிக்கட்டும். முதலில் உன் நாற்பது பக்கத்தைக் கிழித்துவிட்டு அதற்கு வருகிறேன். அதுவும் இதுவும் ஒன்றுதான் என்பது போகப் போக உனக்கே தெரியும்.

அந்தப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ‘விளக்குக்காரன்’ என்பது நம் வீட்டில் வைத்த பெயர். ஆங்கிலப் பெயர் உன் அம்மா வாயில் நுழையவில்லை. கையில் விளக்கோடு, மண்ணுக்குள் புதைந்துபோன ஊர்களுக்குள் இறங்கிப் போகிறவனை வேறு எப்படிச் சொல்வது? ஒவ்வொரு பாகத்திலும் ஒரு ஊர், அதன் கடைசியில் ஒரு கதவு. உனக்கு எட்டு வயதில் உன் மாமா சிங்கப்பூரிலிருந்து, டிவியில் மாட்டி ஆடுகிற அந்தப் பெட்டியைக் கொண்டு வந்தார். ஆடுகிற கை உன்னுடையது. படம் போடுகிற கை என்னுடையது, ஏனென்றால் அந்தக் காலத்தில் ஆட்டத்துக்குள்ளே மேப் கிடையாது. கட்டம் போட்ட தாளில், ஆபீஸுக்குப் போடுகிற புலப்படம் மாதிரியே வடக்குக் குறி வைத்து, அளவு எழுதி, வழியில்லாத இடங்களைக் கோடு கோடாக அடித்து ‘அடைப்பு’ என்று எழுதி வைப்பேன். உன் அம்மாவுக்கு இரண்டும் வராது. அவளுக்குக் கண் இருந்தது. அடுப்படி வாசலில் நின்று புளி கரைத்துக்கொண்டே, “டேய், அங்குட்டு எங்கடா போற, இங்குட்டு அந்தப் பானைக்குப் பின்னாடி ஏதோ மினுங்குதுல்ல” என்பாள். மினுங்கும். நீயும் நானும் டிவியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தும் தெரியாதது அவளுக்கு அங்கேயிருந்து தெரியும். நேமத்தான்பட்டிக்காரிக்குக் கழுகுக் கண்ணு என்று கேலி செய்வேன். கேலிதான், கொஞ்சம் பொறாமையும் உண்டு.

நான் ஏழு பாகத்தையும் ஆடியிருக்கிறேன். ஆமாம், நீ வீட்டை விட்டுப் போன பிறகு வந்த மூன்றையும் தனியாக உட்கார்ந்து ஆடினேன். சொல்லவில்லை, நீ கேட்கவும் இல்லை. காரைக்குடிப் பழைய சாமான் கடைக்காரர் வந்தால் பெட்டியோடு சேர்த்து என்னையும் ஏற்றிக்கொண்டு போகிற வயசு எனக்கு, ஆனாலும் விடவில்லை. முதல் நாலு பாகமும் ஆடுகிறவனை மனுஷனாக மதித்தன. தொலைந்தால் தொலைந்ததுதான், நீயே தேடிக்கொண்டு வா என்று விட்டுவிடும். ஐந்தாம் பாகத்தில் ஊரைப் பெரிதாக்குகிறேன் என்று மழையில்லாத வருஷத்துக் கண்மாய் மாதிரி வெட்டவெளியாக்கி, நடுவில் நூறு இடத்தில் கொடியை நட்டு வைத்தார்கள். ஒவ்வொரு கொடியைத் தொட்டாலும் டிங் என்று ஒரு சத்தம். எனக்கு விரல் வலித்ததுதான் மிச்சம். ஆறாம் பாகத்தில் விளக்குக்காரனுக்கு நாற்பது சட்டை கொடுத்தார்கள். மண்ணுக்குள் இறங்குகிறவனுக்கு எதற்கடா நாற்பது சட்டை? ஏழாம் பாகம் நீ வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்தது. அதில் அவன் வாயை மூடுவதே இல்லை. ‘ஆகா, இங்கே ஒரு பூட்டு! சாவி பக்கத்தில்தான் இருக்க வேண்டும்!’ பூட்டைப் பார்த்தால் பூட்டு என்று எங்களுக்குத் தெரியாதா? அந்த வசனங்களை எல்லாம் நீதான் எழுதினாய் என்று உன் பெண்டாட்டி பெருமையாகச் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதையே பெரிய மரியாதை என்று எடுத்துக்கொள்.

இப்போது எட்டாம் பாகத்துக்கு நீ எழுதியிருப்பது. தரையில் ஒரு தங்க நூல் ஓடும். எங்கே நின்றாலும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். பள்ளத்தில் விழுந்தால் சாக மாட்டான், ஒரு பொத்தானை அமுக்கினால் விழுவதற்கு முன்னால் போய் நின்றுகொள்ளலாம். சுவரை முட்டித் தெரிந்துகொள்ள வேண்டாம், பக்கத்தில் போனாலே இது சுவர் என்று எழுத்து வரும். எல்லாவற்றுக்கும் மேலே முப்பத்தெட்டாம் பக்கத்தில், ஆட்டத்தின் முடிவை யார் வேண்டுமானாலும் முதல் நாளே, ஒரு அடி நடக்காமலே, திறந்து பார்த்துக்கொள்ளலாம். ‘யாரும் முடிவைப் பார்க்காமல் போகக் கூடாது’ என்று எழுதியிருக்கிறாய். இதற்குப் பெயர் ஆட்டமா? பெரிய ஆஸ்பத்திரித் தரையில் அம்புக்குறி ஒட்டியிருப்பார்களே, எக்ஸ்ரேக்கு இப்படி, ரத்தம் எடுக்க இப்படி என்று, அதுதான் இது. அந்த அம்பைப் பிடித்துப் போன எவனும் நான் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தேன் என்று வீட்டுக்கு வந்து சொன்னதில்லை. மற்ற முப்பத்தொன்பது பக்கத்தையும் எந்த மடையனும் எழுதுவான். அந்த முப்பத்தெட்டாம் பக்கத்தை உன்னால் மட்டும்தான் எழுத முடியும். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

உனக்குப் பத்து வயதில் ஒரு லீவு நாள், உன்னை என்னோடு வேலைக்குக் கூட்டிப் போனேன், நினைவிருக்கிறதா? நேமத்தான்பட்டிக்கு மேற்கே ஒரு புஞ்சை. அளவுச் சங்கிலியின் ஒரு முனையை நீ பிடித்துக்கொண்டு நின்றாய். அளந்து முடித்து எல்லைக்கல் போட்டேன். கல் ஒரு புளியமரத்துக்கு இந்தப் பக்கம் விழுந்தது. மரம் பக்கத்துக் காட்டுக்காரனுக்குப் போய்விட்டது. புஞ்சைக்காரர் அப்படியே நின்றார். அவர் அப்பா வைத்த மரமாம். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, “அப்பா, சங்கிலி வேலியில மாட்டி வளைஞ்சு கெடந்துச்சு, நான் பாத்தேன்” என்று மெதுவாகச் சொன்னாய். எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி தாளைச் சுருட்டினேன். அந்த மனுஷன் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், “சர்வேயர் ஐயா போட்டுட்டாக. சரியாத்தேன் இருக்கும். நாந்தேன் இத்தனை நாளும் தப்பா நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் உனக்குப் பாடம் எடுத்தேன். நிலம் ஏமாத்தும்டா, படம் ஏமாத்தாது. அடைப்புன்னு எழுதிட்டா அதை மறுபடி அளக்கக் கூடாது, அளந்தா அந்த வேலைக்கு முடிவே கிடையாது. நீ தலையாட்டினாய். கண்ணால் பார்த்ததைவிட அப்பா போட்ட கோடு பெரியது என்று அன்றைக்குத்தான் நீ கற்றுக்கொண்டாய். ஒரு அப்பன் பிள்ளைக்குச் செய்யக்கூடிய கேடுகளில் இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாலாம் பாகம் வந்த வருஷம் நீ ப்ளஸ் டூ. உன் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. மதுரையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போய் அவர் ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள் என்றார். முன் அறையில் டிவிக்கு எதிரே கட்டிலைப் போட்டோம். கஞ்சி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காது, ஆனால் சாயங்காலம் நீ வந்து பெட்டியைப் போட்டதும் தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொல்வாள். கடைசிக் கதவைத் திறந்தால் மண்ணுக்கடியில் கடல் வரும் என்று ஆட்டத்தின் அட்டையில் போட்டிருந்தது. “தொண்டிக் கடலை எத்தனை தடவை பாத்தவ நீ, உனக்கு எதுக்குடி இந்தக் கடலு?” என்று கேட்டேன். “கடலை யாரு பாக்கப் போறா? கதவு தெறக்கும்போது இவன் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கணும். அது முடியிற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன், பயப்படாதீக” என்று சிரித்தாள். நீயும் சிரித்தாய். நான் மட்டும் அதை அப்படியே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முடிகிற வரைக்கும் போக மாட்டாள் என்றால், முடியக் கூடாது. கல்லும் சங்கிலியும் தவிர எதையும் நம்பாதவன் என்று ஆபீஸில் எனக்குப் பேர். அப்பேர்ப்பட்டவன் இப்படி ஒரு கணக்குப் போட்டேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அன்றைக்கு மத்தியானம் நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நான் லீவு போட்டு அவளோடு இருந்தேன். நீ வருவதற்குள் மண்டபங்களை நடந்து அளந்து படம் போட்டு வைப்பது என் வேலை. கதவு எதையும் நான் திறக்கக் கூடாது, அளக்க மட்டும்தான் என்று நமக்குள் ஒப்பந்தம். கடைசி மண்டபம் அது. சுற்றிச் சுற்றி வந்தேன், எல்லாப் பக்கமும் சுவர். கட்டிலிலிருந்து உன் அம்மா, “ஏங்க, நில்லுங்க. அந்த மூணாவது தூணுக்கு இடப்பக்கம் கல்லு வெலகின மாதிரி இருக்கே. அங்குட்டுப் போய்ப் பாருங்க” என்றாள். போனேன். கல் விலகித்தான் இருந்தது. ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து. அதற்கு அப்பால் ஒரு பெரிய கதவு, அதன் அடியில் நீலமாக வெளிச்சம். “அந்தா! கதவுதானே அது! வரட்டும் அவன்” என்று எழுந்து உட்காரப் பார்த்தாள். நான் விளக்குக்காரனைத் திருப்பி நடத்திக்கொண்டு வந்து மண்டபத்தின் மறு மூலையில் நிறுத்தினேன். தாளை எடுத்தேன். அந்த இடத்தில் கனமாக ஒரு கோடு போட்டு, கோடு கோடாக அடித்து, அடைப்பு என்று எழுதினேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னங்க, வழி இருந்துச்சே. அங்க போயி சுவத்தைப் போடுறீக?” என்றாள். எங்கே வழி, அது நிழல் என்றேன். “கதவு தெரிஞ்சுச்சுங்க” என்றாள். “ஒண்ணும் தெரியல. உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. மருந்து அப்படி” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன் தம்பி. உடம்பில் மற்றதெல்லாம் போய், கண் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம் இருந்தது. அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். “அப்படியா?” என்றாள். தன் கையை முகத்துக்கு நேரே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம் அவளே, “இப்ப கண்ணும் போயிருச்சும்மா” என்று சொன்னாள். நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் நீ அந்த மண்டபத்தில் சுற்றினாய். ஒவ்வொரு சுவராகப் போய் முட்டினாய், ஒவ்வொரு தூணையும் சுற்றி வந்தாய், அடைப்பு என்று நான் எழுதிய இடத்துக்கு மட்டும் போகவில்லை. போக மாட்டாய் என்று எனக்குத் தெரியும், வளர்த்தவன் நான்தானே. “அம்மா, ஒனக்கு ஏதாச்சும் தெரியுதா?” என்று திரும்பிக் கேட்பாய். முதல் இரண்டு நாள் அவள் என்னைப் பார்ப்பாள், பிறகு உன்னைப் பார்த்து, “எனக்குக் கண்ணு சரியில்லப்பா. அப்பா படத்தைப் பாத்துப் போ” என்பாள். பிறகு நீ கேட்பதையும் விட்டுவிட்டாய். புத்தகத்தைத் தொடவில்லை, சோறு சரியாகத் தின்னவில்லை. நான் பேனாவோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பேன், இருக்கும், பார்த்தாயா, கோடு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பதினொரு நாளும் அவள் வலியில்தான் கிடந்தாள். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கடைசி நாள் காலையில் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். “ஏங்க, அவன் பரீட்சை முடிஞ்சதும் சொல்லிருங்க” என்றாள். “என்னத்தை?” என்று கேட்டேன். “தெரியாத மாதிரிக் கேக்காதீக” என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்த நாளில் தெரிந்தது, முதலிலிருந்தே தெரியுமா, எனக்குத் தெரியாது. உன்னிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல், கண்ணில்லாதவள் மாதிரி நடித்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் போய்விட்டாள். ஆட்டம் முடியவில்லை, அவள் முடிந்துபோனாள். சொந்தக்காரர்கள் வந்து நிறைந்திருந்தார்கள். நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, “நான் தோத்துட்டேன்பா” என்றாய். அப்போது நான் என்ன சொன்னேன் என்று உன் மேடையில் நீ சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டாய். நானே சொல்கிறேன். “ஆமா” என்றேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். பழியை உன் தலையில் போட்டதும் எனக்கு மூச்சு விட முடிந்தது. அதுதான் உண்மை.

இன்னும் இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ பள்ளிக்கூடம் போன அன்றைக்குப் பெட்டியைப் போட்டேன். நேரே மூன்றாவது தூணுக்குப் போனேன். சந்தில் நுழைந்து கதவைத் திறந்தேன். ஆமாம், நீ இன்றைக்கு வரை பார்க்காத முடிவை நான் பார்த்திருக்கிறேன், பதினேழு வருஷத்துக்கு முன்னாலேயே. கதவு திறந்ததும் திரை கொஞ்ச நேரம் கறுப்பாகிவிடுகிறது. கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது, முதுகுக்குப் பின்னால் காலிக் கட்டில். பிறகு கடல் வந்தது. தொண்டிக் கடல் இதைவிட நன்றாக இருக்கும். அணைத்துவிட்டு, நீ போய்ப் பார்த்துவிடுவாயோ என்ற பயத்தில், மெமரி கார்டில் இருந்த உன் ஆட்டத்தை அழித்தேன். கரண்ட் போய் வந்ததில் அழிந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். “பரவால்லப்பா” என்றாய். நீ என்னிடம் கோபப்பட்டே பழகாதவன். அந்தப் ‘பரவால்ல’வைத்தான் இப்போது நாற்பது பக்கமாக எழுதியிருக்கிறாய்.

எட்டாம் பாகம் எப்படி வளர வேண்டும் என்று கேட்டாய் அல்லவா, கேட்டுக்கொள். தங்க நூலைப் பிடுங்கி எறி. சுவர் வாயை மூடிக்கொண்டு நிற்கட்டும். ஊர் சின்னதாகவே இருக்கட்டும். ஆனால் விளக்குக்காரனைத் தனியாக அனுப்பாதே. ஏழு பாகமாக அவன் தனியாகத்தான் போகிறான், ஆடுகிறவனும் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறான், உங்கள் தொடர் நசித்ததே அதனால்தான். அவனோடு இரண்டு பேரை அனுப்பு. ஒருவன் படம் போடுகிறவன். அவனை வில்லன் ஆக்கினாயானால் காறித் துப்புவேன். விளக்குக்காரன் மேல் உயிரையே வைத்திருக்கிறவன் அவன். அவன் படத்தில் ஒரே ஒரு இடம் வேண்டுமென்றே தப்பாக இருக்கட்டும். இன்னொருத்தி சும்மா பார்த்துக்கொண்டு வருகிறவள். அங்கே வழி இருக்கிறது என்று அவள் ஒரே ஒரு தடவை சொல்லட்டும், மறுதடவை சொல்லக் கூடாது. காதில் வாங்கினவன் போய்ச் சேரட்டும். படத்தை நம்பினவன் சுவர் சுவராக முட்டட்டும். நாளுக்கு நாள் அவள் பேச்சு குறையட்டும். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் அவள் இருக்கக் கூடாது. திருப்பிக்கொண்டு போகிற பொத்தான் கிடையாது. கதவு மட்டும் அங்கேயே இருக்கும். திறக்கலாம், கடல் வரும், பக்கத்தில் ஆள் இருக்காது. இவ்வளவு கொடுமையை எவன் ஆடுவான் என்று உன் வெளிநாட்டுக்காரர்கள் கேட்பார்கள். நான் ஆடினேன், தெரியாமலே ஆடினேன் என்று சொல். நீ ஒருத்தன்தான் அதைப் பொய் இல்லாமல் எடுக்கக்கூடியவன். பயமாக இருந்தால் விட்டுவிட்டு நாற்பத்தொன்றாவது சட்டையை வரைந்துகொண்டிரு.

திங்கட்கிழமைக்கு நாலு நாள் முன்னால் இதைச் சொல்வது பாதகம் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் சொன்னால், உலகத்தில் ஆடுகிற பிள்ளைகள் எல்லாரும் என் பொய்க்காக அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருப்பார்கள். அதனால் இப்போதே சொல்லிவிட்டேன். நீ தோற்கவில்லை. உன்னைத் தோற்கடித்தேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பாவம் என்று மன்னித்துக் கின்னித்துத் தொலைக்காதே, எனக்கு அது வேண்டாம். ஒரு தடவையாவது என்மேல் கோபப்படு. போன் செய்து கத்து. வந்தால் சோறு போடுவேன், வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன்.

அந்தப் படத்தாள் என்னிடம்தான் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். நேற்று டவுன் பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போய் ஒரு சிவப்பு மைப் பேனா வாங்கி வந்தேன். பழைய தாளில் மை ஊறி எழுத்து கொஞ்சம் கலங்கியிருக்கும், அதனால் அதில் எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன்.

மூன்றாவது தூணுக்கு இடப்பக்கம் அடைப்பு இல்லை. வழி உண்டு. முதலில் பார்த்துச் சொன்னவள் உன் அம்மா. அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

திருத்தம் செய்தவன்,
உன் அப்பன்